பேச்சியக்கா, அந்தக் குளத்தை வடித்துவிட்டார்கள்

என் ராசாத்தி பேச்சியக்காவுக்கு, உன் இசக்கி எழுதுவது.

சுகமா என்று கேட்கமாட்டேன். உன் முட்டுவலி உடம்போடு போயிருக்கும். இங்கே இப்போது அது எனக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. போகிறவள் எனக்கென்று எதையாவது விட்டுப்போவாள் என்று பார்த்தால், இதை விட்டுப்போயிருக்கிறாய்.

நீ போய் வருஷம் ஒன்று ஆகப்போகிறது. நம் ஊர்க்காரர் சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். செத்துப்போனவர்களுக்கு வீட்டார் இரண்டு வரி அஞ்சலி எழுதித் தரலாமாம். இரண்டு வரியில் அடங்குகிற ஆளா நீ? நான் படித்தது மூன்றாம் வகுப்பு, ஆனால் எழுத உட்கார்ந்தால் நிறுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "எவ்வளவு வேணா எழுதுங்க ஆச்சி, யார் பேரையும் மட்டும் போட்டுராதீங்க, கேசாயிரும்" என்றான் செக்ரட்டரி. போடவில்லை. முதலாளியம்மா என்றே எழுதுகிறேன். அது யாரென்று கரமனையில் தெரியாதவர்கள் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும்.

வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். பேச்சியக்கா எனக்குக் கூடப்பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி, ஓரகத்தி. அண்ணனும் தம்பியும் பிழைக்க மலையாளச் சீமைக்கு வந்து ஆரியசாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். இரண்டு ஆண்களும் போன பிறகு அடுப்பு ஒன்றானது. சண்டை குறையவில்லை.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம் அப்படியே இருக்கிறது, அதையும் தெரிந்துகொள். என் கல்யாணப் பட்டுச் சேலையை உன் தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிக்கொண்டு போய், முந்தானையில் எண்ணெய்க் கறையோடு மடித்துத் தந்தாய். "பழசுதானட்டி" என்றாய். பழசா அது? என் மூத்தவன் காய்ச்சலில் கிடந்தபோது அடுப்பங்கரையில் நின்று நீ சொன்ன சொல்லும் மறக்கவில்லை. அதெல்லாம் நமக்குள். உன்னை வைய எனக்கு உரிமை உண்டு. வேறு ஒருத்தி உன்னைக் குனியவைப்பாள், அதை நான் பார்த்துக்கொண்டு இருப்பேனா?

முதலாளியம்மா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ அந்த வீட்டில் வேலைக்கு இருந்தாய். நம் ஆண்கள் சுமந்ததும் அவர்கள் கடை மூட்டைதான். அவள் பிள்ளைகளை நீ குளிப்பாட்டினாய். படுத்துக்கிடந்த அவள் மாமியாருக்குக் கடைசி நாள்வரை எல்லாம் எடுத்தாய். ஆற்றங்கரைப் பக்கம் வயலை மண்ணடித்து மேடாக்கி அவர்கள் புது வீடு கட்டியபோது, பால் காய்ச்சியது அவர்கள். பால் பொங்கி வழிந்த அடுப்பைத் துடைத்தது நீ.

பிறகு துபாயிலிருந்து மகன் வந்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த வாழைகளை வெட்டிக் குழி தோண்டினார்கள். லாரியில் நீல நிறத்தில் பெரிய தொட்டி ஒன்று வந்தது. கிரேன் வைத்து மதிலுக்கு மேலாகத் தூக்கிக் குழியில் இறக்கினார்கள். அதோடு ஒட்டினாற்போல் வட்டமாகச் சின்னத் தொட்டி ஒன்று. பெரியது ஸ்விம்மிங் பூல், சின்னது ஸ்பா என்று நீ வந்து சொன்னாய். சின்னதில் சுடுதண்ணீர். சுவிட்சைப் போட்டால் உலைப்பானை போலக் கொப்பளிக்கும், ஆனால் உடம்பைச் சுடாது. அதில் நிரம்பி வழிகிற தண்ணீர் பெரியதில் போய் விழும்.

"கால முட்டு வர உள்ள வச்சிட்டு இருந்தா வலி பறந்துருமாம்டி" என்றாய். உன் முகத்தில் ஆசையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் போகாதே என்று அப்போதே சொன்னேன். நீ என்றைக்கு என் பேச்சைக் கேட்டாய்?

தினமும் காலையில் முதலாளியம்மா அதில் போய் உட்காருவாள். அவளுக்கும் முட்டுவலி. இறங்குமுன் அவள் காலில் தைலம் தேய்த்துவிடுவது நீ. அவள் கரையேறும்வரை துவட்டத் தோர்த்தைப் பிடித்துக்கொண்டு ஈரக் கல்லில் நிற்பது நீ. உன் காலை அவள் ஒரு நாளாவது பார்த்திருப்பாளா?

ஒரு மத்தியானம் எல்லோரும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். நீ காலை மட்டும் வைத்தாய். சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, விளிம்பில் உட்கார்ந்து, கால் மட்டும். அன்றைக்குப் பார்த்து அவள் உறவுக்காரிகளோடு சீக்கிரம் திரும்பிவிட்டாள்.

கத்தவில்லையாம். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாளாம்: "தீட்டு கீட்டுன்னு நெனைக்காத கேட்டியா பேச்சி. அதெல்லாம் இப்போ ஆரு பாக்கா? இது ஹைஜீன். பிள்ளைகள் எறங்குத வெள்ளமல்லே." வெள்ளம் என்றால் தண்ணீர், பிள்ளைகள் இறங்குகிற தண்ணீராயிற்றே என்கிறாள். சொல்லிவிட்டு டிரைவர் சந்திரனைக் கூப்பிட்டு ஸ்பாத் தண்ணீரைத் திறந்துவிடச் சொன்னாள். காலியான தொட்டிக்குள் உன்னை இறக்கி, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க வைத்தாள். உறவுக்காரிகள் சுற்றிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து காப்பி குடித்தபடி பார்த்தார்கள்.

விளிம்பிலிருந்து காலை வைத்தால் அழுக்கு. முழு ஆளும் உள்ளே இறங்கித் தேய்த்தால் சுத்தம். இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் அக்கா?

வீட்டுக்கு வந்தாய். விரலெல்லாம் வெளிறித் தோல் உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய், அவள் சொன்ன ஹைஜீனை அவளைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினாய். நான் சிரிக்கவில்லை. "நாளைக்கு அங்க போகக்கூடாது" என்றேன். "ஆட்டும்" என்று தலையாட்டினாய். மறுநாள் நான் கண் விழிக்குமுன் போய்விட்டாய்.

ஏன் போனாய்? நாம் பட்டினியா கிடந்தோம்? என் மகன் ஆட்டோ ஓட்டுகிறான், பெரியம்மாவுக்குச் சோறு இல்லையென்றா சொன்னான்? நீ வளர்த்த பிள்ளைகள் மேல் இருந்த பாசமா? போகாமல் இருந்தால் நடந்தது நிசம் என்று ஆகிவிடும் என்று பயந்தாயா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோதுதான் உனக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே, என் மடியில் தலையை வைத்துக்கொண்டு போனாய். உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த வீட்டிலிருந்து ஒருத்தரும் வரவில்லை. ஒரு முழம் பூ வரவில்லை. சந்திரன்தான் வந்தான், அதுவும் சொல்லிவிட்ட சேதியோடு. செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வார வெள்ளிக்கெழம பேரனுக்குக் காதுகுத்து ஆச்சி. பதினாறு கழியுதது வர இங்கேர்ந்து ஆரும் அங்கோட்டு வரண்டாம்னு சொல்லச் சொன்னாங்க."

"பேச்சி எப்படிச் செத்தான்னு கேட்டாளா?"

"இல்ல ஆச்சி."

ஹைஜீன்காரிக்குத் தீட்டு நினைவுக்கு வந்துவிட்டது, பார்த்தாயா.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் நாம். உன் சாவுத் தீட்டு எனக்கும் முழுசு. பதினாறு கழியும்வரை கோவில் ஏறமாட்டோம், அடுத்த வீட்டு விசேஷத்துக்குப் போகமாட்டோம், பொதுக் கிணற்றைத் தொடமாட்டோம். தொட்டுவிட்டால் அந்தக் கிணற்றை அடிவரை இறைத்த பிறகுதான் அடுத்தவர்கள் வாளி விடுவார்கள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் வெளிநாட்டுக் குளம் கட்டினாலும் உள்ளே இருப்பது அதே ஆள்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் தலையை முடியாமல், சாவு வீட்டில் கட்டியிருந்த துஷ்டிச் சேலையோடு பஸ் ஏறினேன்.

சண்டை போடப் போகவில்லை அக்கா. ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன். உனக்காக அவள் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை. வாசலில் வாழை கட்டியிருந்தது. பின்பக்கம் குளத்தைச் சுற்றிப் பந்தல். பட்டும் பவுனுமாக ஜனம். என்னைக் கண்டதும் அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அங்கயே நில்லு இசக்கி! சந்திரன் சொல்லலியா?"

"சொன்னான். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிருதேன். பேச்சியக்காவ அன்னைக்குத் தொட்டி தேய்க்க வச்சது தப்புன்னு சொல்லிருங்க. அங்கன நின்னே சொன்னாப் போதும். நான் போய் அவ படத்துக்கிட்ட சொல்லிருவேன்."

"நல்ல நாளும் அதுவுமா வழக்கடிக்க வந்திருக்கியா? செத்தவளுக்கு இனி என்ன தப்பு, என்ன சரி? போ. பதினாறு கழிஞ்சு வா, பழைய சேல தாரேன்."

பழைய சேலை. அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் திரும்பி வந்திருப்பேனோ என்னவோ.

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். காதுகுத்துகிற ஆசாரி ஊசியை எடுத்து வைத்திருந்தார். பிள்ளை மாமன் மடியில் இருந்தது. நான் பிள்ளைப் பக்கம் போகவில்லை, அது என்ன செய்தது? நேரே சின்னத் தொட்டிக்குப் போனேன். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காகச் சுவிட்சைப் போட்டு வைத்திருந்தார்கள், கொப்பளித்துக்கொண்டிருந்தது. படியில் காலை வைத்தேன். அப்புறம் மற்றக் காலை. அப்படியே சேலையோடு உட்கார்ந்தேன்.

சுடுதண்ணீர் நெஞ்சுவரை ஏறியது. நுரை வந்து சேலையைப் பந்துபோல் ஊதிவிட்டது. நீ சொன்னது நிசம் அக்கா. வலி பறந்துதான் போகிறது.

ஒரு சின்னக் குட்டி கைதட்டிச் சிரித்தது: "அய்யோ, இந்த அம்மூம்ம சேலயோட எறங்கியாச்சு!" அம்மூம்ம என்றால் பாட்டி. வேறு யாரும் சிரிக்கவில்லை. முதலாளியம்மா ஓடிவந்து விளிம்பில் நின்றாள்.

"எழும்புடி! எழும்பி வெளிய வா!"

கையைப் பிடித்து இழுக்கவேண்டியதுதானே? தொட்டால் அவளுக்கும் தீட்டு. இழு என்று வேறு யாரிடமும் சொல்லவும் முடியாது. அத்தனை பேரும் பட்டுச் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். அவ்வளவு பெரிய வீட்டில் என்னைத் தொட ஒரு ஆள் இல்லை. நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"வாரேன் முதலாளியம்மா. ஒரு சந்தேகம். நான் எறங்கினது ஹைஜீனா, தீட்டா? எதுன்னு சொல்லுங்க, எழும்பிருதேன்."

"தீட்டுடி! துஷ்டி வீட்டுக்காரி! தீட்டு, தீட்டு!"

"அன்னைக்கு எங்க அக்கா கால வச்சாளே, அதுக்கும் இதான? அப்ப சிரிச்சிக்கிட்டு வேற பேருல்லா சொன்னீக."

அன்றைக்குக் காப்பி குடித்துக்கொண்டு பார்த்தவர்களில் இரண்டு பேர் அங்கே நின்றார்கள். அவர்கள் முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு எழுந்து, சேலையைப் பிழிந்து, பிழிந்த தண்ணீரையும் அந்தத் தொட்டியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

முதலாளியம்மா மருமகளின் அம்மா "நம்ம பிள்ளைக்கு இந்தக் கரையில வச்சுக் காது குத்தண்டாம்" என்று பேரனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இலை போட்டிருந்தது. பாதிப் பேர் கை நனைக்காமல் காரில் ஏறினார்கள்.

மற்றதெல்லாம் சந்திரன் வந்து சொன்னது. மகன் சொல்லிப் பார்த்தானாம்.

"அம்மா, வெள்ளத்துல குளோரின் கெடக்கு. ஒரு கிருமியும் நிக்காது."

"குளோரின் தீட்டக் கழுவுமாடா?"

சின்னதை மட்டும் வடித்தால் போதாது என்றாளாம். சின்னதில் இருந்து வழிந்ததெல்லாம் பெரியதில்தானே விழுந்தது? முழுக் குளத்தையும் வடிக்க வேண்டும், இன்றைக்கே வடிக்க வேண்டும், பிறகு தீட்டுக் கழியப் புண்ணியாகம் செய்ய வேண்டும். மகன் பூல் கம்பெனிக்குப் போன் போட்டான். மழைக்காலத்தில் வடிக்கவே கூடாது என்று அவர்கள் சொன்னார்களாம். தரைக்கு அடியில் நீர் நிறைந்து நிற்கும், உள்ளே இருக்கிற தண்ணீரின் பாரம்தான் தொட்டியை அழுத்தி வைத்திருக்கிறது, மழை ஓய்ந்து மண் காயட்டும் என்றார்களாம். மண் காய்கிறவரைக்கும் சாவுத் தீட்டுத் தண்ணீரைக் கொல்லையில் வைத்துக்கொண்டு அவள் எப்படித் தூங்குவாள்? "அவங்களுக்கு ஆசாரம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு மோட்டார் வைக்கச் சொல்லிவிட்டாள். ரோடு ஓடையில் குளத்துத் தண்ணீர் ஓடியதாம். மத்தியானம் இடியோடு வந்த மழை விடவே இல்லை.

விடிந்து பார்த்தால் குளம் மேலே வந்திருந்தது.

வயல் அக்கா அது. மண்ணைப் போட்டு மூடிவிட்டால் வயல் போய்விடுமா? அடியில் கிடந்த தண்ணீர் அந்த வெறும் தொட்டியை மிதக்கிற வள்ளம் போலத் தூக்கிவிட்டது. சுற்றிப் பதித்திருந்த கல்லெல்லாம் பெயர்ந்து, குழாய்கள் அறுந்து, நீலத் தொட்டி தரைக்கு மேல் ஓர் ஆள் இடுப்பு உயரத்துக்குக் கோணலாக நின்றதாம். ஸ்பா ஒருபக்கம் பிளந்து, கவிழப்போகிற சருவப் பானை போலச் சரிந்து கிடந்ததாம். சந்திரனை உட்காரவைத்து, சோறு போட்டு, முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

எல்லோரும் இது உன் வேலை என்கிறார்கள். சந்திரன்கூடக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நீயா செய்தாய்? உனக்கு ஏது அந்த ரோஷம்? நீயாக இருந்தால் பெயர்ந்த கல்லைப் பொறுக்கி அடுக்கி வைத்திருப்பாய். மழை செய்தது, வயல் செய்தது, அவளுடைய ஆசாரம் செய்தது. குளம் எழும்பும் என்று எனக்குத் தெரியாது. வடிக்கவைக்க மட்டும்தான் நான் தண்ணீரில் உட்கார்ந்தேன். மிச்சம் கிடைத்தது கொசுறு. ஆனால் உன் பெயரைச் சொல்லி ஊர் பயப்படுகிறது என்றால் நான் எதற்கு மறுக்க வேண்டும்?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சந்தில் பந்தல் போட்டு இலை விரித்திருந்தோம். முனையில் கார் வந்து நின்றது. சந்துக்குள் கார் நுழையாது. சேற்றில் கால் வைத்து அவள் நடந்து வந்தாள். அத்தனை வருஷத்தில் நம் வீட்டுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் பழத்தட்டு. முகம் கறுத்துப் போயிருந்தது. ஜோத்சியர் என்னவோ சொல்லியிருக்கிறார்.

"இசக்கி, பேச்சி மனசுல ஒண்ணும் வச்சுக்கண்டாம்னு நீ ஒரு வாக்குச் சொல்லு. வீட்டுல கொச்சுப் பிள்ள இருக்கு. எனக்குப் பேடியா, பயமா இருக்கு."

"எங்கிட்ட எதுக்கு? அவ உள்ள இருக்கா. அவகிட்டயே சொல்லுங்க."

உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். உதடு அசைந்தது.

"எங்க அக்காவுக்குக் காது மந்தம். சத்தமாச் சொல்லணும்."

உன் காதைப் பற்றி எனக்குத் தெரியாதா? நான் கொல்லையில் முணுமுணுத்தால் உனக்கு வாசலில் கேட்கும். தெருவுக்குத்தான் கேட்க வேண்டியிருந்தது. இலையில் உட்கார்ந்திருந்தவர்கள் பிசைந்த கையை நிறுத்தினார்கள்.

"பேச்சி, அன்னைக்கு உன்னத் தொட்டி தேய்க்க வச்சது தப்பு" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்."

"தப்பு பேச்சி. நான் செஞ்சது தப்பு." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போதுமா?"

"அவளுக்குப் போதும். நீங்க கார்ல ஏறும்போதே அவ மன்னிச்சிருப்பா, அவ கொணம் அது. எனக்குப் போதாது. வந்தது வந்தீக, எல போட்டிருக்கு. உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க."

செத்தவள் வீட்டில் பதினாறாம் நாள் இலையை வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும், அதுவும் பயந்து வந்தவளுக்கு? மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள் பந்தியில், அன்றைக்குப் பார்த்து இடம் கிடைத்த ஓரத்தில், தரையில் உட்கார்ந்தாள். மடங்காத காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கினாள், நீ மடக்குவாயே, அதே மாதிரி. எனக்கு இரக்கம் வந்திருக்கும் என்று நினைக்கிறாயா? வந்தது. வந்ததை விழுங்கிக்கொண்டு இரண்டாம் தடவை சோறு வைத்தேன். அவள் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குழம்பு வாளியோடு நின்று பார்த்தேன்.

இப்போது அந்த இடத்தில் குழி மட்டும் இருக்கிறது. தொட்டியை அறுத்துத் துண்டு துண்டாக எடுத்துப் போனார்கள். வயல் தண்ணீர் தானாக ஏறி நிற்கிறது, மழை வந்தால் தவளை கத்துகிறதாம். மகன் துபாய்க்குப் போய்விட்டான். அவள் காலையில் பிளாஸ்டிக் பக்கெட்டில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தைலம் தேய்க்க வந்தவர்களில் ஒருத்தியும் நிலைக்கவில்லை. சந்திரன் வாரத்துக்கு ஒன்று கொண்டுவந்து சொல்கிறான்.

"மதி அம்மூம்மே, விட்டுக்களயூ" என்கிறாள் என் பேத்தி. போதும், விட்டுவிடு என்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லித்தருகிறார்கள் போல. மன்னிப்பதற்கு இந்த வீட்டில் நீ ஒருத்தி இருந்தாய், அதன் பலனைத்தான் பார்த்தோமே.

அக்கா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவளுக்கு முன்னால் நான் சாகமாட்டேன். என்னைவிட அவளுக்கு வயது குறைவு, டாக்டர் இருக்கிறார், ஏசி இருக்கிறது. இருக்கட்டும். அவளைத் தூக்குகிற அன்றைக்கு வாசலில் நின்று பார்த்து, வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றி, ஒரு வாய் சுடுசோறு தின்றுவிட்டுத்தான் கிளம்புவேன். அதுவரை அங்கே எனக்கென்று இடம் பிடித்து வைக்காதே. யார் கேட்டாலும் கொடுத்துவிடு. நான் வந்து அவர்களை எழுப்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் கொழுந்தன் பெண்டாட்டி,
உனக்காக வைவதற்கு மிச்சமிருக்கிற ஒரே ஓரகத்தி,
இசக்கி